ரெண்டு பேருக்கும் பிரஷர் பாருங்கள்

வாசகியின் கடிதம்:

சிஸ்டருக்கு வணக்கம். என் பேர் போட வேண்டாம், காசிமேடு என்று மட்டும் போடுங்கள். எனக்கு 44 வயது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். 7 மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. 4 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஏலத்தில் மீன் எடுத்து விற்றுவிட்டு 11 மணிக்கு வருவேன். மகள் காலேஜ் கிளம்பிய பிறகு பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துக்கொள்வார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்க்கிறேன் என்கிறாள். எனக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, தீர்ந்து ரெண்டு மாதம் ஆகிறது. அவருக்கு முதுகுக்குக் கீழே கருத்துச் சிவந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்கிறார் நாத்தனார். போன வாரம் சோற்றைத் துப்பினார் என்று அவர் கையில் அடித்துவிட்டேன். அவர் அழுதார். சில நாள் ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு தோணுது. நான் கெட்டவளா சிஸ்டர்? அவர் எழுந்து நடப்பாரா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "ஒண்ணா போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று வீடு வீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இதே வார்த்தையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நான் கிளம்பிச் செருப்பு மாட்டுகிற நேரத்தில், வாசலில் வைத்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொல்வார்கள். தூக்கமில்லாமல், மாற்று ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிற உடம்பும் மனசும் இப்படி நினைக்கும். நீங்கள் கெட்டவள் இல்லை.

ஆனாலும் இதைக் கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எப்படி, எப்போது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால் அந்த நேரத்தில் தனியாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஆயாவின் கதவைத் தட்டுங்கள், விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஆயாவிடம் கொடுத்து வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடித்ததைப் பற்றி. அது தப்புதான், உங்களுக்கே தெரிந்ததால்தான் "நான் கெட்டவளா" என்று கேட்கிறீர்கள். அவரிடம் போய், "அன்னிக்கு அடிச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்று சொல்லுங்கள். பேச்சுதான் போயிருக்கிறது, நீங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும். அடுத்த தடவை கோபம் தலைக்கு ஏறும்போது தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் கட்டிலிலிருந்து விழாதபடி இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்காருங்கள். பத்து நிமிஷம் தாமதமாகச் சாப்பிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

அவர் சோற்றைத் துப்பியதும், தண்ணீருக்கு இருமுவதும் ஒரே காரணத்தால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கவாதத்தில் கை, கால் போலவே தொண்டைத் தசையும் பலவீனமாகும். விழுங்குவது தடுமாறும். அது பிடிவாதம் இல்லை, பயம். இரும வைக்கிற சாப்பாட்டை யார்தான் விரும்புவார்கள்? அப்படித் தடுமாறிய தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். அதனால் படுத்த நிலையில் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீர்கள். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, பலமுள்ள இடது பக்க வாயில் சின்ன ஸ்பூனால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்த வாய். குழைத்த சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ், நன்றாக மசித்த மீன் இவை தண்ணீரைவிடச் சுலபமாக இறங்கும். மீனில் முள் எடுக்கத் தெரியாதவரா நீங்கள்! முடிந்ததும் வலது கன்னத்துக்குள் சோறு ஒட்டியிருக்கிறதா என்று விரலில் துணி சுற்றித் துடைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஊட்டவே கூடாது. சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீர் கொப்பளிப்பது போலக் கரகரத்தாலோ அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். இருமல் எப்படியிருந்தாலும் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "விழுங்குறதைப் பரிசோதிக்கணும்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

முதுகுக்குக் கீழே கருத்துச் சிவந்திருப்பது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். ஒரு விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் மோசமில்லை. நிறம் மாறாமல் அப்படியே இருந்தாலோ, தொட்டால் சூடாக, கெட்டியாக இருந்தாலோ புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் அந்த இடம் படுக்கையில் படவே கூடாது. பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் இடது, வலது என்று லேசாகச் சாய்த்துப் படுக்க வைத்து முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுங்கள். வலது பக்கம் சாய்க்கும்போது தோள் அடியில் மாட்டிக்கொள்ளாமல் முன்னால் எடுத்து விடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும், அங்கே புண் வராது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடரை அப்பாதீர்கள், மஞ்சளும் வேண்டாம். காற்றடித்த டியூப் மேல் உட்கார வைப்பதும் தப்பு, சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அது தடுக்கும். மேலே ஏற்றிப் படுக்க வைக்கும்போது இழுக்காமல், அவருக்கு அடியில் விரித்த பழைய போர்வையோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்துங்கள். இழுபடுகிற தோல்தான் முதலில் உரியும். முட்டை, மீன், பருப்பு தினமும் இருக்கட்டும்.

ராத்திரியும் 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்திருங்கள் என்று புத்தகத்தில் உள்ளதை உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏர் பெட் என்கிற காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். 10 மணிக்கு நீங்கள் திருப்புங்கள், 1 மணிக்கு மகள், 4 மணிக்கு நீங்கள் எப்படியும் எழுகிறீர்கள். ஏர் பெட் போட்டாலும் திருப்புவதை விடக் கூடாது. காலையில் விளக்கைப் போட்டுத் தோலைப் பாருங்கள். சிவப்பு பரவினாலோ, கொப்புளம், தோல் உரிதல், நாற்றம் வந்தாலோ இந்த இடைவெளி போதவில்லை என்று அர்த்தம், உடனே நர்ஸை வரவழையுங்கள்.

இப்போது உங்கள் இடுப்புக்கு வருகிறேன். காலையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர், 15 கிலோ. இரண்டு மாடிக்கு எத்தனை நடை? அப்புறம் மீன் கூடை. இதெல்லாம் முடிந்து வந்துதான் அவரைத் தூக்குகிறீர்கள். நேரில் பார்க்காமலே சொல்கிறேன், குனிந்து, அவர் அக்குளுக்குள் கைவிட்டு மேலே இழுக்கிறீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இதில் உங்கள் இடுப்பும் போகும், அவருடைய வலது தோளும் குழியிலிருந்து நழுவும். விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி, அவருடைய இடது பக்கத்தில் போடுங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் படும்படி உட்கார வையுங்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள், அதுதான் உங்களுக்குப் பிடி. கால்களை அகட்டி, உங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, உங்கள் முழங்காலை அவருடைய வலது முழங்காலுக்கு முன்னால் அணை கொடுத்து நில்லுங்கள். அவர் முன்னால் குனிய வேண்டும், மூக்கு முழங்காலுக்கு நேராக வரும் அளவுக்கு. அப்போதுதான் எடை பாதத்துக்கு வரும், நீங்கள் தூக்க வேண்டிய எடை பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், இடது பக்கம் திரும்பி உட்கார வேண்டும். முதல் சில நாள் மகள் கூட இருக்கட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குப் பதில் ஒரு யோசனை. திருவொற்றியூர் பக்கம் இதேபோல வலது பக்கமும் பேச்சும் போன ஒரு கடல்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பேரைக்கூடச் சொல்ல வராது, "அது, அது" என்பார். ஒருநாள் அவரை எழுப்பும்போது அவர் தம்பி விளையாட்டாக "ஏலேலோ" என்றார். கட்டிலிலிருந்து "ஐலசா" என்று தெளிவாக வந்தது. மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. மூளையின் இடது பக்கம் அடிபடும்போது யோசித்துப் பேசும் பேச்சு போகும். ஆனால் பாட்டு, எண்ணிக்கை, சாமி பேர், பழகிப்போன வசவு இவை பல பேருக்குத் தங்கியிருக்கும். வலை இழுத்த ஆளுக்கு அந்தக் கூப்பாடு நாக்கிலேயே ஊறியிருக்கும். உங்கள் வீட்டிலும் தூக்கும்போது அதைச் சொல்லிப் பாருங்கள். வராமலும் போகலாம், மனசு உடைய வேண்டாம். பேசும்போது டிவியை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு தடவையில் ஒன்று மட்டும் கேளுங்கள். "டீயா, பாலா?" என்று இரண்டு டம்ளரையும் காட்டுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். அவர் முடிப்பதற்குள் நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

நடப்பாரா என்றால், நேரில் பார்க்காமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். முதல் 3 மாதத்தில் வருகிற முன்னேற்றம்தான் வேகமானது, 6 மாதத்துக்குப் பிறகு மெதுவாகும். மெதுவாகுமே தவிர நின்றுவிடாது, பயிற்சி இருந்தால். பிடித்துக்கொண்டு உட்காருவது, நிற்பது, அப்புறம்தான் நடை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அவர் எதற்கெடுத்தாலும் அழுகிறார், எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்து உண்டு, அது சரியானால் பயிற்சியும் சூடுபிடிக்கும்.

புறா ரத்தம் வேண்டாம். உங்கள் நாத்தனார் அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் கோளாறு மூளைக்குள் ரத்தக் குழாயில், தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போய்ச் சேராது. உணர்ச்சி குறைந்த கையில் சூடாக ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதுவும் வேண்டாம். நாத்தனாருக்கு ஏதாவது செய்ய ஆசை இருந்தால் வாரத்தில் இரண்டு மத்தியானம் வந்து அண்ணனோடு உட்காரச் சொல்லுங்கள். அவர் கொடுக்கக்கூடிய பெரிய மருந்து அது.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். "பிரஷர் நார்மல்னு சொன்னாங்க, அதான் விட்டுட்டோம்" என்று சொன்ன வீடுகளில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் அவருக்கு வேண்டாம். காசிமேட்டில் உட்கார்ந்துகொண்டு கருவாடு வேண்டாம் என்பது கொடுமைதான், ஆனால் அதில் ஏறியிருக்கும் உப்பு அத்தனை. திடீரென்று வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அது வேண்டுமா என்பதையே சிடி ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் சின்ன கிளினிக்கில் நேரத்தை விடாமல் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

மகள் படிப்பை நிறுத்தக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் நின்றுவிட்டால் இப்போது நீங்கள் இருக்கும் இடத்துக்கு இன்னும் சின்ன வயதிலேயே அவள் வந்து சேர்வாள். ஆள் வேண்டுமென்றால் வேறு வழி பார்ப்போம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகிற அவருடைய தம்பிமார், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் அப்போது கரையில்தான் இருப்பார்கள். "எப்பவாவது வந்து பாருங்க" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை நீங்க, வியாழக்கிழமை இவர்" என்று பேர், கிழமை, மணி சொல்லிக் கேளுங்கள். எப்படித் திருப்புவது, எப்படி எழுப்புவது என்று அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் பழகிவிட்டால், அப்புறம் கடலுக்குப் போகாத நாட்களிலும் கூப்பிடலாம். அந்த நேரத்தில் துணி துவைக்காதீர்கள். படுத்துத் தூங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் உங்களைப் போன்ற வீடுகளுக்காகத்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்க்க நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் பகுதி கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில், அதாவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி அவர் பேரைப் பதியச் சொல்லுங்கள். யாரும் வரவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ல் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் எடுத்துவிடுங்கள். கை, காலுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மூளை பாதிப்பால் பேச்சு போவதையும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஊனமாகச் சேர்த்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள், சதவீதம் அதில்தான் மாறும். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி தருகிறது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை முகாம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் அதிலும் விசாரியுங்கள்.

கடைசியாக, கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம். "எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, தீர்ந்து ரெண்டு மாதம் ஆகிறது." அதைப் படித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்குப் பிரஷர் 130. பக்கத்தில் சேலையைச் சொருகிக்கொண்டு நின்ற மகளின் கையிலும் சும்மா பட்டியைச் சுற்றினேன். 190-க்கு 110. "எனக்கெதுக்கு சிஸ்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேருக்கும் பார்க்காமல் நான் மெஷினைப் பையில் வைப்பதில்லை.

நாளைக்கு மீன் விற்று முடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். ஆயாவிடம் ஒரு மணி நேரம் கூடச் சொல்லிவிட்டு, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர் பேரைப் பதியும்போதே உங்கள் பேரையும் பதியுங்கள். பிரஷர் பார்த்து, நின்றுபோன மாத்திரையைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இடுப்பு வலியையும், ராத்திரி தூக்கம் இல்லாததையும், மனசில் வருகிற அந்த நினைப்பையும் டாக்டரிடமே சொல்லுங்கள். மேல் எண், கீழ் எண் இரண்டையும் ஒரு சீட்டில் குறித்து எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.